கிட்டாரும் நம் பிள்ளைகளும்



மாலை வேளையில் லயத்துப் பக்கம் நடந்தால், எங்கேனும் ஒரு வீட்டில் கிட்டார் ஒலி கேட்கிறது. "படிக்கிற நேரத்துல என்னடா இது?" என்று தகப்பனார் அதட்டும் குரலும் கூடவே கேட்கிறது. இந்த இரண்டு பேருக்கும் இடையில் நின்று, இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

கிட்டார் இந்த வட்டாரத்துக்கு நேற்று வந்த வாத்தியமன்று. 1961இல் இங்கிலாந்தின் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து பாடி வாசித்தார்கள். அந்த 1960களிலேயே மலாய் இளைஞர்களிடம் 'பாப் யே யே' என்ற கிட்டார் இசை பரவியது. 1976இல் 'அன்னக்கிளி' படத்துக்கு இசையமைத்து நம் செவிகளைக் கவர்ந்த இளையராஜாவும், அதற்கு முன் சென்னையில் கிட்டார் வாசிக்கும் கலைஞராக இருந்தவர்தாம். ஆகவே, கிட்டாரைத் தொட்ட பிள்ளை நம் இசையை விட்டு விலகிவிட்டான் என்று எண்ண வேண்டியதில்லை.

மின்சாரக் கிட்டாரின் எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கின்றன. தந்தி அதிரும்போது அந்தக் கம்பியில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவதே ஆம்ப்ளிஃபையரின் வேலை. அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பொறியாளர்கள் இதைப் பழுது என்றார்கள். இளைஞர்களோ இதையே விரும்பினார்கள். 1964இல் கிங்க்ஸ் என்ற ஆங்கிலக் குழுவின் கிட்டார் கலைஞர், இந்தக் கரகரப்புக்காகத் தம் ஸ்பீக்கர் தாளைப் பிளேடால் கிழித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இனி எங்கள் அனுபவம் ஒன்று. எங்களிடம் படித்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போன மாணவன் ஒருவன், பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றை மலிவாக வாங்கினான். போட்டால் 'உம்' என்று ஓயாத இரைச்சல். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து, திருப்புளியை உள்ளே விட்டான். அடித்த அடியில் சுவரோரம் போய் விழுந்தான். கையில் தீப்புண்ணோடு உயிர் தப்பினான். பார்க்கப் போன எங்களிடம் அவன் கேட்டான்: "பிளக்கப் புடுங்கிட்டா கரண்டு இருக்காதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

எங்களால் பதில் பேச முடியவில்லை. அவன் கேட்டது நியாயம். பாடத்தில் பாதியைத்தான் சொல்லியிருந்தோம்.

மீதிப் பாதி இதுதான். குழாயை மூடினாலும் தொட்டியில் பிடித்த தண்ணீர் அப்படியே நிற்கிறதல்லவா? அதுபோல், ஆம்ப்ளிஃபையருக்குள் கெபாசிட்டர் என்னும் பாகம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிறது. வால்வுப் பெட்டியில் அது 300, 400 வோல்ட்டாகவும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளேயே தங்கியிருக்கக்கூடும். ஆளைக் கொல்லவும் போதுமானது அது.

அன்று அந்தத் தகப்பனார் கிட்டாரை உடைக்கக் கை ஓங்கினார். "தப்பு கிட்டார் மேல இல்லீங்க, முழுசாச் சொல்லிக் கொடுக்காத எங்க மேலதான்" என்று தடுத்தோம். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு பையனைப் பக்கத்துப் பட்டணத்தில் வானொலி பழுதுபார்க்கும் கடைக்கு அழைத்துப் போனார். சனிக்கிழமைதோறும் பையன் அங்கே வேலை பழகினான். இரைச்சலுக்குக் காரணம் உலர்ந்துபோன பழைய கெபாசிட்டர்களே என்று கண்டு, கடைக்காரர் மேற்பார்வையில் தானே மாற்றினான். பெட்டி சுத்தமாகப் பாடியது.

பெற்றோர்களே, பிள்ளை கருவியைப் பிரிப்பது அறிவின் ஆசை. அதைத் தடுக்காதீர்கள், தெரிந்தவரிடம் அனுப்புங்கள். பிள்ளைகளே, தெரிந்தவர் அருகில் இல்லாமல் மின்பெட்டியைத் திறக்காதீர்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபையரை இயக்காதீர்கள். அதன் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிடக்கூடும். பெரிய பெட்டிக்கும் ஏங்காதீர்கள். 10 வாட்டை 100 வாட் ஆக்கினாலும், காதுக்குக் கேட்கும் ஒலி ஏறக்குறைய இரண்டு மடங்குதான்.

அந்தப் பையன் முன்பு அக்கம்பக்கம் அதிரக் கரகரப்பாகவே வாசிப்பான். இப்போது ஒலியைக் குறைத்து, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே தெளிவாகக் கேட்கும்படி வாசிக்கிறான். சுவை இப்படித்தான் மாறுகிறது. யாரும் அதட்டி மாற்றுவதில்லை. சில மாலைகளில் தகப்பனாரும் வாசற்படியில் உட்கார்ந்து கேட்பதைப் பார்க்கிறோம்.