முழு வேலைக்கு முழுப்பேர்
(மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2021இல் சம்பளச் சபை நமது நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கியபோது மகிழ்ந்தோம். பிறகு நடந்தது என்ன? பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். எட்டாதவர்களுக்கு அரைப்பேர் போட்டார்கள். சம்பளம் ஏறியது, பேர் குறைந்தது.

இருபது வருடம் மலை ஏறியும் நாம் கொழுந்துதான் பறிக்கிறோம். நம்மைப் பார்க்கும் கங்காணி பெரும்பாலும் ஆண்தான். உயர்தரம் படித்த பிள்ளைகளும் தோட்டத்தில் தகுந்த வேலையின்றிக் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள்.

ஆகவே, கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்ப்போம். கிலோவை அன்றன்றே கொப்பியில் எழுதுவோம். சம்பளச் சீட்டோடு ஒத்துப் பார்ப்போம். குறைந்தால் கொப்பியோடு தலைவரிடம் போவோம். கங்காணி வேலை காலியானால் நம்மில் ஒருத்திக்கும் கேட்போம்.

முழு வேலைக்கு முழுப்பேர். அதுவே நமது கோரிக்கை.