மூத்த நாய் இருக்கும் வீட்டுக்கு ஒரு குட்டி வந்தபோது

(ஏப்ரல் மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது. செய்தி மடலுக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)

"நாய் வளர்ப்பது எப்படின்னு பத்து நிமிஷம் பேசுங்க மேடம்" என்று செகரெட்டரி சார் கேட்டார். அது எனக்குத் தெரியாது சார். தெரிந்திருந்தால் எங்கள் வீட்டில் நடந்தது நடந்தே இருக்காது. அதனால் நான் செய்த தப்புகளை மட்டும் சொல்கிறேன். பி பிளாக்கில் இரண்டு வீடுகளில் குட்டி எடுக்கலாமா என்ற யோசனை ஓடுகிறதாம். அவர்களுக்காவது உதவட்டும்.

பிரவுனியை உங்கள் எல்லாருக்கும் தெரியும். லாப்ரடார், 11 வயது. லிஃப்டில் யார் ஏறினாலும் நகர்ந்து இடம் விடுவாள். குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தபோதுகூட ஒரு நாளும் பல்லைக் காட்டியதில்லை.

நவம்பரில் விடாமல் மழை பெய்த வாரம், ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு குட்டி கத்திக்கொண்டே கிடந்தது. இரண்டு நாள் பார்த்தோம், தாய் வரவில்லை. வாட்ச்மேன் அண்ணன் அதை ஒரு கோணியில் சுற்றிக் கொண்டுவந்து, "அம்மா, ஒரு ராத்திரி மட்டும் வச்சுக்குங்க" என்றார். கறுப்பாக, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள். என் வீட்டுக்காரர் கடுகு என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த பிறகு ஒரு ராத்திரிக் கணக்கெல்லாம் ஏது?

முதல் தப்பு அன்றைக்கே நடந்தது. ஈரக் குட்டியைத் துடைத்து, நேராக ஹாலில் பிரவுனியின் பாய்க்குப் பக்கத்தில் விட்டேன். மறுநாள் டாக்டர் என்னைப் பிடித்துத் திட்டினார். தெருவிலிருந்து வரும் குட்டிக்குப் பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் இருக்கலாம். வெளியே தெரியவே ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. பிளீச்சிங் கரைசல் வேண்டும். பிரவுனிக்கு அந்த வருடத் தடுப்பூசியை நாங்கள் தள்ளிப்போட்டிருந்தோம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் இரண்டு வாரம் கடுகுக்குச் சின்ன பெட்ரூம். தனித் தட்டு, தனித் துணி, தனி மாப். பால் பற்களைப் பார்த்து ஏழெட்டு வாரக் குட்டி என்றார் டாக்டர். பூச்சி மருந்து கொடுத்தோம். தடுப்பூசி ஆறேழு வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு தரம், 16 வாரம் ஆகும்வரை. ரேபீஸ் ஊசி மூன்று மாதத்தில். அதெல்லாம் முடியும்வரை பார்க்கிங்கிலோ தெருவிலோ தரையில் விடக்கூடாது. மொட்டை மாடிக்குக்கூட நான் கையில் தூக்கித்தான் போனேன்.

இரண்டாவது தப்புதான் பெரியது. இரண்டு வாரம் முடிந்ததும் ஒரே நாளில் கதவைத் திறந்துவிட்டேன். கடுகு பாய்ந்து போய் பிரவுனியின் வாலைக் கடித்தாள், மேலே ஏறினாள், தண்ணீர்க் கிண்ணத்தில் காலை வைத்தாள். பிரவுனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதட்டை நக்கினாள். எழுந்து வேறு மூலைக்குப் போனாள். குட்டி அங்கேயும் போனது. நாங்கள் இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்துப் பிள்ளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் பிரவுனி உறுமினாள். "ச்சீ, சின்னக் குழந்தைகிட்ட என்ன இது?" என்று நான் அதட்டினேன். ஒரு வாரம் அப்படியே அதட்டினேன். உறுமல் நின்றுவிட்டது. பழகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிரவுனி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கடுகு தட்டுக்குள் மூக்கை விட்டாள். ஒரு சத்தம்கூட இல்லாமல் பிரவுனி கடித்தாள். குட்டியின் காது கிழிந்து ரத்தம். நான் யோசிக்காமல் நடுவில் கையை விட்டேன், என் விரலிலும் பல் இறங்கியது. சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஊசி இலவசம்தான். ஆனால் சொன்ன தேதிகளில் தவறாமல் போக வேண்டும். வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள்.

அன்று சாயங்காலமே நம் வாட்ஸ்அப் குரூப்பில் "அந்தப் பெரிய நாய் கடிக்க ஆரம்பித்துவிட்டதாமே" என்று ஒருவர் போட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். என் வீட்டுக்காரர் குட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். அன்று ராத்திரி நானும் சரி என்றுதான் சொன்னேன்.

மறுநாள் காதுக்குத் தையல் போடப் போனபோது, டாக்டர் குட்டியைவிடப் பிரவுனியைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். படி ஏறத் தயங்குகிறாளா? எழுந்திருக்க நேரம் எடுக்கிறாளா? ஆமாம், வயசாகிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எக்ஸ்ரே எடுத்தால் இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்திருந்தன. லாப்ரடாருக்கு இது அடிக்கடி வருவதாம். அந்த வலியோடு இருக்கிறவள் முதுகில்தான் தினமும் ஒரு குட்டி குதித்துக்கொண்டிருந்தது. அவள் வாயால் சொல்ல முடிந்தது அந்த உறுமல் ஒன்றுதான். அதையும் நான் அதட்டி நிறுத்திவிட்டேன். உறுமினால் திட்டாதீர்கள், குட்டியை அங்கிருந்து எடுங்கள் என்று டாக்டர் சொன்னார். இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான்.

மருந்து எழுதிக் கொடுத்தார். ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் சாப்பிடும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென் அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். வழுக்குகிற டைல்ஸ் மேல் ரப்பர் பாய் விரித்தோம். பிரவுனியின் எடையைக் குறைக்கச் சோற்றைக் குறைத்தோம். அதற்கு அவள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். கார்பென்டரிடம் சொல்லி இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு மரத் தட்டி செய்து பெட்ரூம் வாசலில் வைத்தோம். உள்ளே பிரவுனி, வெளியே கடுகு. பார்க்கலாம், மோப்பம் பிடிக்கலாம், ஏற முடியாது. சாப்பாடு தனித்தனி அறையில், கதவைச் சாத்தி. சேர்ந்து இருப்பது முதலில் ஐந்து நிமிடம், அதுவும் குட்டி ஓடியாடிக் களைத்த பிறகு. பிரவுனி எழுந்து போனால் விளையாட்டு அதோடு முடிந்தது. முதல் தட்டு, முதல் தடவல், முதல் வாக்கிங் எல்லாம் மூத்தவளுக்கு. காலையில் அரை மணி நேரம் அவளோடு மட்டும் கீழே போவேன். சரியாக ஏழு வாரம் ஆனது. தட்டியை எடுத்த பிறகும் இரண்டையும் தனியாக வீட்டில் விட்டுவிட்டுப் போனதில்லை, இன்றுவரை.

அக்கம்பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குட்டி முதல் நான்கைந்து ராத்திரி அழும். நான் முன்கூட்டியே சொல்லாததால் கீழ்வீட்டுப் பெரியவர் தூங்கவே இல்லை. வாசலில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம். அபார்ட்மெண்டில் நாய் வளர்ப்பதையோ லிஃப்டில் கூட்டிப்போவதையோ சங்கம் தடுக்கக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015இலேயே சொல்லிவிட்டது. அதற்காக லிஃப்டில் குட்டி ஈரம் பண்ணினால் வாட்ச்மேன் துடைப்பார் என்று இருக்கக் கூடாது. நான் பையில் பழைய செய்தித்தாளும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்திருக்கிறேன். மாநகராட்சி லைசென்ஸ் இரண்டுக்கும் வாங்கியாகிவிட்டது. கடுகுக்குக் கருத்தடை ஆபரேஷன் அடுத்த மாதம்.

இரண்டும் இப்போது ஒட்டி உறவாடுகின்றனவா என்று கேட்கிறார்கள். இல்லை. பிரவுனிக்கு அவள் மேல் பெரிய பிரியமெல்லாம் வரவில்லை. ஒரே அறையில் ஒரு பாய் தள்ளிப் படுக்கிறார்கள். கடுகு நெருங்கினால் பிரவுனி மெதுவாக ஒரு உறுமல் விடுவாள், கடுகு நின்றுவிடுவாள். அந்தச் சத்தம் திரும்பி வந்ததில் எங்களுக்கு நிம்மதி.

அந்த மரத் தட்டி மொட்டை மாடி ரூமில் இருக்கிறது. பி பிளாக்காரர்கள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். கீழ் மூலை மட்டும் கடித்து வைத்திருக்கும்.