ஊசி குத்தினால் நோவு தீருமா?

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் போனஸையும் பற்றிப் பேசிப் பேசி, நம் இடுப்பைப் பற்றிப் பேச மறந்துவிட்டோம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்து, உயர்ந்த வெட்டுக்கு அண்ணாந்து, பிறகு பால் வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு நடக்கும் உடம்பு நம்முடையது. செக்ரோல் எழுதிக் கழுத்துப் பிடித்துக்கொண்ட கிராணிகளும் இங்கே இருக்கிறோம். வாளி தூக்குகிறவர்களின் நோவுக்கு முன் எங்கள் நோவு அற்பம், அதை ஒப்புக்கொள்கிறோம்.

நோவு வந்தால் என்ன செய்கிறோம்? கோடாலித் தைலம் தேய்க்கிறோம். சுளுக்கு வழிக்கும் பாட்டியிடம் போகிறோம். அதற்கும் கேட்காவிட்டால் டவுனில் சீன வைத்தியர் சின்சேயிடம் ஊசி குத்திக்கொள்கிறோம். தோள் நோவோடு போன நம் அம்மா ஒருவர் திரும்பி வந்து, "இப்போது கை தூக்க முடிகிறது, கிராணி ஐயா" என்றார். வாளியோடு வழுக்கி விழுந்த ஒரு தோழரோ, ஆபீசில் சொல்லாமல் மூன்று மாதம் ஊசியே கதியென்று இருந்தார். இன்று அவருக்குக் கால் மரத்துக் கிடக்கிறது. இரண்டும் நம் லயத்தில் நடந்தவைதாம்.

இவ்வைத்தியம் சீனாவில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. 1971-இல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் பீக்கிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்டார். பிறகு வயிற்று உபாதைக்கு ஊசி குத்தினார்கள். அதை அவர் எழுத, உலகமே திரும்பிப் பார்த்தது. ஊசி குத்தியே வயிற்றை அறுத்தார்கள் என்று சிலர் கதை கட்டுகிறார்கள். அது தவறு. அறுவைக்கு வழக்கமான மயக்க மருந்தைத்தான் கொடுத்தார்கள்.

நோவு எப்படித் தணிகிறது? ஊசி நரம்பைத் தூண்டும்போது, மூளையே எண்டோர்ஃபின் என்னும் நோவடக்கும் பொருளைச் சுரக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் சின்சே காட்டும் புள்ளியில்தான் குத்த வேண்டுமா? ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்பு நோவுள்ள 1,162 பேரைச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, முறையாகக் குத்தப்பட்டவர்களில் 100-க்கு ஏறக்குறைய 48 பேருக்குக் குணம். புள்ளியல்லாத இடத்தில் மேலாகப் போலிக் குத்துக் குத்தப்பட்டவர்களில் 44 பேருக்குக் குணம். மாத்திரையும் உடற்பயிற்சியுமாக வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27 பேருக்குத்தான் குணம். சின்சேயை நம்புகிறவரும் நகைக்கிறவரும் இருவருமே இக்கணக்கைப் பார்த்துத் தலையைச் சொறிய வேண்டியதுதான்! நம் அபிப்பிராயம் இது: நோவு தணிவது மெய். ஆனால் விலகிய தட்டையோ ஒடிந்த எலும்பையோ ஊசி சரிசெய்யாது.

நம் நாட்டு அரசாங்கமும் இதை ஒதுக்கிவிடவில்லை. 2007-இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய வைத்தியப் பிரிவைத் திறந்தார்கள். ஊசி வைத்தியமும் மலாய் உருவுதலும் அங்கே இடம்பெற்றன. பின்னர் வேறு அரசாங்க மருத்துவமனைகளிலும் இப்பிரிவு வந்தது. டாக்டரின் கடிதத்தோடு போக வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வைத்தியர்களுக்குப் பதிவு முறையையும் கொண்டுவந்தது. ஆகவே சின்சேயிடம் போகிறவர்கள், "பதிவு இருக்கிறதா?" என்று கூசாமல் கேளுங்கள். ஊசியை உறையைக் கிழித்து உங்கள் கண்ணெதிரே எடுக்கட்டும். ஒருவருக்குக் குத்திய ஊசி மற்றவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொண்டுவரும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கால் மரத்தாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமற் போனாலோ, ஊசியும் வேண்டாம், தைலமும் வேண்டாம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இனி அந்தத் தோழரின் விஷயம். வேலையில் விழுந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்கு, விழுந்தது ஆபீசுக்குத் தெரிய வேண்டுமே! "எங்கள் புத்தகத்தில் பதிவு இல்லை" என்று இப்போது நிர்வாகம் கைவிரிக்கிறது. சின்சேயிடம் அவர் கொடுத்த வெள்ளிக்கு ஒரு துண்டு ரசீதும் கையில் இல்லை. அன்று அவர் விழுந்ததை அடுத்த நிரையில் நின்ற இருவர் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் இக்கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் இந்த மேசைக்கு வரும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் சொல்லுங்கள்; சாட்சிக் கடிதத்தை நாங்களே எழுதித் தருகிறோம்.