சூரஞ்சான் கிழங்கும் பெருவிரல் வீக்கமும்

(மயிலாப்பூரில் நம் அறக்கட்டளை நடத்திய மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வலீமா விருந்தில் பிரியாணியும் பாயாவும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், நள்ளிரவில் கால் பெருவிரல் நெருப்பாய் எரிய எழுந்து உட்காருகிறார். போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. இதை ஆங்கில மருத்துவம் கவுட் என்கிறது. நம் ஹகீம்கள் நிக்ரிஸ் என்பார்கள்; ஆயுர்வேதத்தில் வாதரத்தம். ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, ஊசி போன்ற படிகங்களாக மூட்டுக்குள் படிகிறது. அந்தப் படிகங்களை எதிர்க்க வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. வீக்கமும் சிவப்பும் வலியும் அதனால் வருபவை.

வலி வந்ததும் கச்சேரி சாலைப் பக்கம் நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. அதை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. கவுட்டைப் பொறுத்தவரை மூலிகை வைத்தியம் வெறும் நம்பிக்கை அல்ல. சூரஞ்சான் என்ற கிழங்கு வகையை ஆறாம் நூற்றாண்டிலேயே டிராலஸ் ஊர் அலெக்சாண்டர் என்ற கிரேக்க வைத்தியர் இந்த நோய்க்குக் கொடுத்தார். இப்னு சீனா தம் 'அல்கானூன்' நூலில் அதைப் பற்றி எழுதினார். அதே இனத்தைச் சேர்ந்த ஐரோப்பியச் செடியிலிருந்து 1820-இல் பெல்லெத்தியே, காவந்து என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தெடுத்த சத்துதான் கோல்சிசின். இன்றும் கவுட் வலிக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரைகளில் அது ஒன்று. வெள்ளணுக்கள் மூட்டை நோக்கி நகர்வதை அது தடுக்கிறது; வீக்கம் வடிகிறது.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. நம் மாநிலப் பூவான செங்காந்தளிலும் இதே கோல்சிசின் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான். ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் பயிராகி, இதன் விதை மருந்துக் கம்பெனிகளுக்காக வெளிநாடு போகிறது.

அந்தக் கிழங்கைத் தின்று உயிர் இழந்தவர்களும் இதே தமிழ்நாட்டில் உண்டு. வீக்கத்தை வடிக்கும் சத்தேதான், அளவு மீறினால் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மொத்தம் 1.8 மில்லிகிராம் கோல்சிசினும் மற்றொரு பிரிவினருக்கு 4.8 மில்லிகிராமும் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. வயிற்றுப்போக்கோ முதல் பிரிவில் நூற்றுக்கு 23 பேருக்கு, இரண்டாவதில் 77 பேருக்கு! மாத்திரையில் அளவு தெரியும். வீட்டில் இடித்த கிழங்குப் பொடியில் எவ்வளவு சத்து என்று யாருக்குத் தெரியும்? சிறுநீரகம் பழுதானவருக்குச் சிறிய அளவே நஞ்சாகலாம். ஆகவே இந்த மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் வாங்கி விழுங்க வேண்டாம்.

இதை அந்தக் கால வைத்தியர்களும் அறிந்திருந்தார்கள். யூனானியில் இனிப்புச் சூரஞ்சான், கசப்புச் சூரஞ்சான் என்று பிரித்து, உள்ளுக்கு இனிப்பு வகையையே கொடுப்பார்கள். கரியபோளமும் கடுக்காய்த்தோலும் சேர்ந்த ஹப்பே சூரஞ்சான் அப்படி அமைந்த மாத்திரை. சித்த வைத்தியர் கண்வலிக்கிழங்கைச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார். அந்தக் கிழங்கு சேர்ந்த ஆயுர்வேத மருந்தின் லேபிளில் 'மருத்துவ மேற்பார்வையில் மட்டும்' என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது சட்டம்.

தி.நகரில் உஸ்மான் சாலையில் நடக்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். அந்த முஹம்மது உஸ்மான் தலைமையில்தான் 1921-இல் நாட்டு வைத்திய முறைகளை ஆராய மதராஸ் அரசு ஒரு குழு அமைத்தது. அதன் பின் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் கற்பிக்கும் பள்ளி சென்னையில் வந்தது. படித்த வைத்தியர் வேண்டும் என்று நூறு ஆண்டுக்கு முன்பே பாடுபட்டிருக்கிறார்கள். நாமோ பெயரில்லாத பொட்டலத்தை நம்புகிறோம்.

எங்களை வருத்துவது அந்தப் பொட்டலம்தான். டயாலிசிஸ் உதவி கேட்டு வருகிறவர்களிடம் பழைய மருந்துகளை விசாரிக்கிறோம். வருடக்கணக்கில் லேபிள் இல்லாத 'மூட்டுவலிப் பொடி' சாப்பிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டும் ஆங்கில வலி மருந்தும் கலந்திருப்பது நம் நாட்டுச் சோதனைகளில் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. ஒரே இரவில் வலி பறந்து, சில வாரத்தில் முகம் உப்பி, சர்க்கரையும் ஏறினால் சந்தேகப்படுங்கள்.

மற்றொன்று: வலி போனால் நோய் போய்விட்டதாக எண்ணுவது. சூரஞ்சானோ கோல்சிசினோ யூரிக் அமிலத்தைக் குறைப்பதில்லை. முடக்கத்தானும் மஞ்சளும் ஆய்வுக்கூடத்தில் வீக்கத்தைக் குறைத்துக் காட்டியிருக்கின்றன. அதற்காக முடக்கத்தான் தோசை கவுட்டைத் தீர்க்கும் என்று சொல்ல முடியாது. சாப்பிடுங்கள், நல்ல உணவு. யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு டாக்டர் தரும் அலோபியூரினால் போன்ற மாத்திரையை வலி இல்லாத நாளிலும் விடக்கூடாது.

சாப்பாட்டில் ஈரல், மூளை, பாயா, நெத்திலி குறையட்டும். பருப்பையும் தக்காளியையும் குற்றவாளியாக்குகிறோம்; இஃப்தாரில் குடிக்கும் இனிப்புச் சர்பத்தைக் கவனிப்பதில்லை. அதுவும் யூரிக் அமிலத்தை ஏற்றும். நோன்பு நாட்களில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். சிறுநீரக நோயாளிகள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யூனானி வைத்தியம்தான் வேண்டும் என்றால் அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது; பட்டம் பெற்ற ஹகீம்கள் பார்க்கிறார்கள். சாப்பிடும் ஆங்கில மருந்துகளை அவரிடமும், அவர் தந்ததை உங்கள் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். யூரிக் அமிலம், கிரியேட்டினின் சோதனைக்குப் பணமில்லாதவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். வரும்போது வீட்டில் இருக்கும் பொடி, லேகியம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.