இல்லத்தில் இசை: பொழுதும் பெட்டியும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

இசைத்தமிழ் குறித்துப் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தார்கள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் தேவாரப் பண்களையும் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றை என்னினும் நன்கறிந்த புலவர் பெருமக்கள் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் எளிய பொருளொன்றை எடுத்துக்கொண்டேன். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் நாம், நம் வீட்டுக்குள் பாட்டுக் கேட்க எந்தப் பொழுதில் எந்தப் பெட்டியை நாடினோம், இன்று எதை நாடுகிறோம் என்பதே அது. இசைத்தட்டு வந்தது, வானொலி வந்தது, ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது, கைபேசி வந்தது. ஒன்று வந்ததும் மற்றொன்று மறைந்தது என்று நூல்களில் எழுதுவர். வீடுகளை நோக்குமிடத்து அவ்வாறு நிகழ்ந்ததாகத் தெரியவில்லை.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். கருப்பொருள் வரிசையில் பறையையும் யாழையும் வைத்தார். முல்லைக்கு ஒரு யாழ், நெய்தலுக்கு வேறொரு யாழ். எந்த இசை எங்கே, எப்பொழுது என்னும் கேள்வி தமிழனுக்குப் புதிதன்று. நம் வீடுகளும் இதையே செய்தன. புதிதாக வந்த பெட்டிக்கு ஒரு பொழுதையும் ஓர் ஆளையும் ஒதுக்கிக் கொடுத்தன. பழைய பெட்டியைச் சற்று நகர்த்தி வைத்தன.

முதலில் இசைத்தட்டு. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழன்ற அரக்குத் தட்டில் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடம், சற்றுக் கூடினால் மூன்றரை நிமிடம் பாடலாம். விரிந்த ஆலாபனைக்கு அங்கே இடமில்லை. வித்துவான்கள் சுருக்கிப் பாடக் கற்றுக்கொண்டனர். 1948-இல் அமெரிக்காவில் அறிமுகமாகிப் பின் இங்கும் வந்த நெடுந்தட்டு, பக்கத்திற்கு இருபது நிமிடத்திற்கு மேல் இடந்தந்தது. 1963-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய வேங்கடேச சுப்ரபாதம் அத்தகைய தட்டாக வெளிவந்து, விடியற்காலை என்னும் பொழுதைத் தன் உடைமை ஆக்கிக்கொண்டது. ஆயினும் நம் புறநகரில் இசைத்தட்டு வீட்டுக்குரியதாக இருந்ததைவிடத் தெருவுக்குரியதாகவே இருந்தது எனலாம். தட்டும் அதைச் சுழற்றும் கருவியும் வாங்கும் வசதி எத்தனை குடும்பங்களுக்கு இருந்தது? திருமண வீட்டுப் பந்தலிலும் ஆடி மாதத்து அம்மன் கோயிலிலும் குழாய் ஒலிபெருக்கி கட்டிய ரேடியோ செட்காரர்தாம் நம் முன்னோருக்கு இசைத்தட்டை அறிமுகப்படுத்தியவர். எந்தத் தட்டைப் போடுவது என்பது அவர் விருப்பம். தெரு முழுவதும் அவர் கேட்டதையே கேட்டது.

வானொலிக்கு வருவோம். நம் பகுதிக்கு இதில் தனி உரிமை உண்டு. சென்னை வானொலியின் ஒலிபரப்பிக் கோபுரங்கள் நம் ஆவடியில்தான் நிறுவப்பட்டன. மயிலாப்பூரில் நிலைய அறையில் ஒருவர் பாட, அப்பாட்டு ஆவடி வெளியிலிருந்து வானேறி ஊர்கள்தோறும் இறங்கியது. 1952-இல் நடுவண் அமைச்சர் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், திரைப்பாட்டால் மக்கள் சுவை கெடுமென அஞ்சி, அனைத்திந்திய வானொலியில் அதன் இடத்தைக் குறைத்தார். மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். தன் வீட்டு வாசலிலேயே ஒலிபரப்பிக் கோபுரம் நிற்க, கடல் கடந்து வரும் திரைப்பாட்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது ஆவடி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோர் குரல்கள் தமிழகத்து வீடுகளில் உறவினர் குரல்கள்போல் ஆயின. 1957-இல் விவித பாரதி தோன்றியதற்கு இந்தத் திருப்பமே பெரிதும் காரணம். ஆணை போட்டுச் சுவையைத் திருத்த முற்பட்டோர் அனைவர்க்கும் நேர்ந்ததுதான் அவருக்கும் நேர்ந்தது.

வானொலி அடுக்களைக்கு உரியதானது ஏன் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தட்டைத் திருப்பிப்போட ஒரு கை வேண்டும். மாவும் எண்ணெயும் படிந்த கைக்கு அது இயலாது. வானொலி ஒருமுறை திருகிவிட்டால் தானே பாடும், மணியும் சொல்லும். ஆனால் அதில் பெண் கேட்பவளாக மட்டுமே இருந்தாள். எதைக் கேட்பது என்று முடிவு செய்பவளாக இல்லை.

நம் ஊர்களில் இன்னொரு முடிவாளரும் இருந்தார். அவர் பெயர் ஷிப்ட். டி.ஐ. சைக்கிள், டன்லப், 1964-இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் ஆலைகள், ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலை என்று பணிமுறைக்குக் கட்டுண்ட ஊர்கள் இவை. என் தந்தையார் இரவுப்பணி முடித்துக் காலையில் வந்து உறங்கும் வாரங்களில் எங்கள் வீட்டு வானொலி வாயடைத்துக் கிடக்கும். அல்லது பெட்டியில் காதை வைத்துக் கேட்கும் அளவுக்கு முனகும். பகற்பண், இராப்பண் என்று பண்டையோர் வகுத்ததை நான் பின்னாளில் முனைவர் பட்ட ஆய்வின்போது படித்தேன். பகலே இரவான வீட்டில் எப்பண் பாடுவது என்பதற்கு அங்கே விதி காணப்படவில்லை.

இனி ஒலிநாடா. என் உரையின் பெரும்பகுதி இதற்குத்தான்; பொறுத்தருள்க. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட இந்தச் சிறு பேழை, நம் வீடுகளில் எண்பதுகளில் நிறைந்தது. வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் கொணர்ந்த டூ-இன்-ஒன் பெட்டி, வானொலியையும் நாடாவையும் ஒருடலாக்கியது. வடஇந்திய ஒலிநாடாக்களை ஆராய்ந்து 1993-இல் நூலெழுதிய பீட்டர் மேனுவல், ஒரே பெரிய நிறுவனத்தின் பிடியிலிருந்த இசையை நாடா பலர் கைக்கு மாற்றியது என்று காட்டினார். இங்கும் அவ்வாறே. தட்டாக வர வாய்ப்பில்லாத நாட்டுப்புறப் பாடலும், சென்னைக் கானாவும், சிற்றூர் அம்மன் பாட்டும் நாடாவில் ஏறின. தமிழாசிரியர் என்ற முறையில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ‘பராசக்தி’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ ஆகிய படங்களின் உரையாடல்கள் தட்டாகவும் நாடாவாகவும் விற்கப்பட்டு, மனப்பாடமாயின. ஒலிப்புப் பயிற்சி என்று பாடத்திட்டத்தில் நாங்கள் சேர்த்ததற்கு நெடுநாள் முன்பே அப்பணி நடந்துவிட்டது.

நாடாவின் பெருமை அதுமட்டுமன்று. தெருமுனைக் கடையில் பாட்டுப் பதிவுசெய்து தருவார்கள். இங்கே நாற்பது வயது கடந்த அனைவரும் அறிவீர்கள். முழுத்தாளில் வரிசையாகப் பாடல்களின் முதற்சொற்களை எழுதி, வெற்று நாடாவுடன் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் கிடைக்கும். சட்டத்திற்கு அது உடன்பாடா என்பது வேறு செய்தி. அறுபது நிமிட நாடாவா, தொண்ணூறு நிமிட நாடாவா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். தொண்ணூறின் நாடா மெல்லியது, எளிதில் சிக்கிக்கொள்ளும். அறுபதில் பக்கத்திற்கு அரைமணி. ஆறு பாடல், நெருக்கினால் ஏழு. என் தாயார் எழுதிய பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதுவார், அடிப்பார், மேலிருப்பதைக் கீழே கொணர்வார். சோகப் பாட்டுக்குப் பின் உடனே துள்ளல் பாட்டு வரக்கூடாது என்பார். பக்கம் முடிகையில் பாட்டு அறுந்துபோகாதபடி கடைசியில் குறும்பாட்டு வைப்பார்.

அன்பர்களே, தொகைநூல் என்று நாம் எதைச் சொல்கிறோம்? நாலடி முதல் எட்டடி வரை உள்ளவற்றைக் குறுந்தொகை ஆக்கினர். 9 முதல் 12 வரை நற்றிணை. 13 முதல் 31 வரை அகநானூறு. அளவு முதலில், பின் தேர்வு, பின் வரிசை. தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் உக்கிரப்பெருவழுதி என்று அகநானூற்றுக்குப் பெயர் நின்றுவிட்டது. அடுக்களையில் அமர்ந்து அறுபது நிமிடத்திற்குள் பன்னிரண்டு பாடல்களை அடுக்கிய பெண் செய்ததும் தொகைப்பணியே. அவளுக்குப் பெயர் நிற்கவில்லை. பேழையின் அட்டையில் கடைக்காரரின் கையெழுத்துதான் நிற்கிறது. கேட்பவளாக மட்டும் இருந்தவள் முதன்முதலாகத் தேர்பவளானது நாடாவில்தான். மாலை நான்கு மணிக்கு மேல், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் உள்ள சிறுபொழுது அந்நாடாவுக்கு உரியதாயிற்று. வானொலி அப்பொழுதும் காலையில் பாடிக்கொண்டுதான் இருந்தது.

பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி உள்ளதை அறிவீர்கள். பார்வையற்ற மாணவர்கள் பலர் கல்லூரியில் தமிழ் படிக்க வருகின்றனர். என் வகுப்புகளிலும் படித்துள்ளனர். அவர்களது நாடாப் பெட்டிக்கு முதல் உரிமை பாடத்திற்கு, இரண்டாம் உரிமையே பாட்டுக்கு. பணமில்லாதபோது பாட்டு நாடாவின் மேலேயே பாடத்தைப் பதிவுசெய்துவிடுவார்கள். நன்னூல் நூற்பா முடிந்த இடத்தில் திடீரென இளையராஜாவின் வயலின் எழும். குறுந்தகடு வந்தபோது நாமெல்லாம் அதன் ஒலித்தெளிவைப் புகழ்ந்தோம். ஒரு மாணவர் என்னிடம் சொன்னது வேறு: நாடா நிறுத்திய இடத்தில் நிற்கும், தகடு தொடக்கத்திற்குப் போய்விடும். நாடாவின் பொத்தான்கள் விரலுக்குத் தெரியும். வழவழப்பான கைபேசி முதலில் வந்தபோது விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. திரையைப் படித்துச் சொல்லும் குரல் அதில் அமைந்த பின்னரே அது அவர்களுக்கும் உரியதாயிற்று. ஒலியின் தரத்தைக் கொண்டு பெட்டிகளைத் தரவரிசைப்படுத்துவோர் இதனையும் கருத வேண்டும்.

குறுந்தகட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நம் வீடுகளில் அது விருந்தினராகவே வந்து சென்றது. நூற்றைம்பது பாட்டை ஒரே தகட்டில் அடைத்த எம்.பி.3 வந்ததும் தேர்ந்தெடுக்கும் பணியே இல்லாமற் போயிற்று. அளவு இல்லையேல் தொகை ஏது?

இப்போது கைபேசி. ஆளுக்கொன்று, காதுக்கொன்று. இதை வைதுவிட்டு அமர்வது எளிது. நான் அதற்கு உடன்படேன். இரவுப்பணி முடித்து உறங்குபவர் அருகில் மகள் தடையின்றிப் பாட்டுக் கேட்கிறாள். புகுந்த வீட்டில் மாமனார் வைத்த பாட்டையே கேட்டுக்கொண்டிருந்த மருமகள் தனக்கு வேண்டியதைக் கேட்கிறாள். இது சிறிய விடுதலையன்று. ஆயினும் ஒன்றை இழந்தோம். விரும்பாத பாட்டு காதில் விழும் வாய்ப்பை இழந்தோம். வள்ளுவர் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். என் தலைமுறையினர் தியாகராஜ பாகவதரை விரும்பியா கேட்டோம்? தாத்தா கேட்டார், எங்கள் காதிலும் விழுந்தது. நாகூர் ஹனீபாவின் குரலும் சீர்காழியாரின் குரலும் அடுத்த வீட்டுச் சன்னல் வழி வந்தவை.

இன்றும் பங்கீடு தொடர்கிறது என்பதையும் காண்க. காலையில் கடவுள் பாட்டு தொலைக்காட்சியில், சமையலுக்குப் பண்பலை, வண்டியில் பென் டிரைவ், இரவில் கைபேசி. பழைய கிராமபோன் கம்பெனியே சரிகம என்று பெயர் மாறி, 2017-இல் ஐயாயிரம் பாடல்களை உள்ளடக்கிய கார்வான் என்னும் பெட்டியை விற்கத் தொடங்கியது. பின்னர் தமிழிலும் வந்தது. பார்வைக்கு அது பழைய வானொலிதான். திருகினால் பாடும். நம் மூத்தோருக்கு அதுவே போதுமாயிருக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் குறுந்தகட்டைவிட இசைத்தட்டு அதிக வருவாய் ஈட்டியது. இறந்ததாகச் சொன்ன பெட்டி எழுந்து நடக்கிறது.

ஆனால் எழ முடியாத ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இத்தலைப்பை ஏற்றேன். வீடு மாற்றும்போதும் வெள்ளையடிக்கும்போதும் பரணிலிருந்து ஒரு நாடாப் பெட்டி இறங்குகிறது. “எல்லாம் போனில் இருக்கிறதே” என்று பழைய பொருள்காரரிடம் போடுகிறோம். கடையில் வாங்கிய நாடா போனில் இருக்கிறது என்பது பெரும்பாலும் மெய். கையால் எழுதிய அட்டை உடையது எந்தப் போனிலும் இல்லை. டூ-இன்-ஒன் பெட்டியில் ஒலிவாங்கியும் இருந்தது என்பதை மறந்துவிட்டோம். பாட்டி பாடிய தாலாட்டு, துபாயிலிருந்து கடிதத்திற்குப் பதில் பேசி அனுப்பிய தந்தையின் குரல், இறந்த வீட்டில் யாரோ பதிவுசெய்த ஒப்பாரி, ஊர்ப் பட்டிமன்றம் ஆகியவை உலகில் ஒரே படியாக அந்தப் பேழைக்குள் இருக்கின்றன. உ.வே.சா. சுவடி தேடிப் புறப்பட்டபோது ஆற்றில் விடப்பட்டவை எத்தனை என்று படித்து வருந்துகிறோம். நம் ஆறு பழைய இரும்புக் கடை வழியாக ஓடுகிறது.

ஆகவே இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும்போது கையெழுத்து அட்டையுடைய நாடா ஒன்றையேனும் ஒவ்வொருவரும் கொண்டு வாருங்கள். வருமுன் வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டா. நெடுநாள் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். பழுதான பெட்டி அதைத் தின்றுவிடும். எழுதுகோலை நுழைத்துச் சக்கரம் எளிதாகச் சுழல்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெண்ணிறப் பூஞ்சை தெரிந்தால் அதைத் தனி உறையிலிட்டு வாருங்கள். பேழையின் முதுகில் உள்ள இரு சிறு தடுப்புகளை உடைத்துவிட்டால் எவரும் தவறி அதன்மேல் பதிவுசெய்ய இயலாது. நன்றாக ஓடும் நாடாப் பெட்டி ஒன்று என்னிடம் உள்ளது. அதன் காதொலிக் குழியிலிருந்து கணினிக்குக் கம்பி இணைத்து மாற்றிக்கொள்ள என் மாணவர் இருவர் முன்வந்துள்ளனர். யார் குரல், எந்த ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி உடன் வையுங்கள். பட்டியல் எழுதியவர் யார் என்பதையும் எழுதுங்கள்.