காசு சேர்ப்பவரின் சகபாடிகள்

கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் அகப்பட்ட செப்புக் காசொன்றை ஆசையோடு வாங்கி வந்த ஒருவர், அதன்மேல் படிந்த பச்சைக் களிம்பைக் காணச் சகியாமல், அடுக்களையிலிருந்து புளியை எடுத்துத் தேய்க்க முற்படுவது சகஜம். அந்தத் தருணத்தில் "வேண்டாம், தேய்க்காதீர்கள்!" என்று தடுக்க ஓர் அனுபவசாலியின் சிநேகம் வாய்க்குமானால், அதனினும் பெரிய உபகாரம் வேறில்லை. நெடுங்காலமாக உறைந்த அந்தப் படிவு பெரும்பாலும் உலோகத்துக்குக் கவசமாக நிற்பது. அதைப் போக்கினால் எழுத்தும் சின்னமும் சிதைந்து, காசின் மதிப்பே போய்விடும்.

ராஜராஜ சோழனின் செப்புக் காசில், ஒரு பக்கம் நிற்கும் உருவமும், மறுபக்கம் அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி லிபியில் மன்னன் பெயரும் இருக்கும் என்று நூல்களில் படித்துவிடலாம். ஆனால், அச்சில் அடித்த அசலையும் அச்சுவார்ப்பில் செய்த போலியையும் அருகருகே வைத்து, போலியின் விளிம்பில் பல சமயம் ஓடும் மெல்லிய கோட்டை விரல் நகத்தால் தடவிக் காட்ட ஒரு நண்பர்தான் வேண்டும். இந்தச் சூட்சுமம் புத்தகத்தில் மட்டும் கைவருவதன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

பழங்காசு வாங்க வசதியில்லாத சிறுவர்களுக்கும் காசு சேர்ப்போர் கூட்டத்தில் ஆனந்தம் உண்டு. சட்டைப்பையிலுள்ள ரூபாய்க் காசில், ஆண்டின் கீழே வைர வடிவமிருந்தால் மும்பை, நட்சத்திரமிருந்தால் ஹைதராபாத், புள்ளியிருந்தால் நொய்டா, ஒன்றுமில்லையேல் கொல்கத்தா நாணயசாலை என்று மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்துவிட்டால், மறுநாளே நட்சத்திரம் இரண்டு வைத்திருப்பவன் புள்ளி வைத்திருப்பவனைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறான்.