இரண்டு வெங்காயம்

ஹாட் டாக் தெரியும் அல்லவா? நீள பன்னைக் கீறி, நடுவில் சாசேஜ் வைத்துத் தருவார்களே, அதுதான். அதை ஐஸ்லாந்தில் எப்படித் தருகிறார்கள் தெரியுமா? இரண்டு வெங்காயம் போட்டு!

தலைநகர் ரெய்க்யவிக்கில் 1937 முதல் நடக்கும் ஒரு சின்னக் கடை இதற்குப் பேர்போனது. சாசேஜில் ஆட்டிறைச்சி தூக்கலாக இருக்கும். பன்னுக்குள் முதலில் பச்சை வெங்காயம், பொடியாக நறுக்கியது. கூடவே மொறுமொறுவென்று பொரித்த வெங்காயம். சாசேஜ் அதற்கு மேலே. கெட்சப்பும் இனிப்புக் கடுகு சாஸும் உண்டு.

வெங்காயம் ஒன்றுதான். பச்சையாகக் கடித்தால் காரம், பொரித்தால் இனிப்பு. நம் பிரியாணியும் அப்படித்தானே? மேலே பொரித்த வெங்காயம், பக்கத்தில் தயிர்ப் பச்சடியில் பச்சை வெங்காயம்.

வீட்டில் செய்யும்போது பொரித்ததைக் கடைசி நிமிடத்தில் போடுங்கள். முன்பே போட்டால் நமுத்துவிடும். சைவக்காரர்கள் சாசேஜுக்குப் பதில் வாட்டிய பனீர் வைக்கலாம். ஆனால் வெங்காயம் இரண்டும் வேண்டும்.

2004-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் பில் கிளின்டன் அந்தக் கடைக்கு வந்தார். கடுகு சாஸ் மட்டும் போதும் என்றார். இரண்டு வெங்காயமும் போச்சு, பாவம்!